மாதம் இரண்டு சோப்பு

படுத்தால் நெஞ்சுக்குள் வலது பக்கம் தண்ணீர் தளும்புகிறது என்று அன்புச்செல்வி சொன்னபோது சவரியப்பன் சிரித்துவிட்டான். மாசி மாதத்துக் காலை. அவனுக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். தட்டில் இட்லியோடு உட்கார்ந்திருந்தான்.

"ஈரத் தலையோட படுத்திருப்ப," என்றான்.

"இல்லங்க. நான் திரும்பிப் படுத்தா அதுவும் கூடவே திரும்புது. ஊருணில குடத்த அமுக்குறப்ப ஒரு சத்தம் வரும்ல, அது மாதிரி."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சில நாட்களாகவே மத்தியானம் கண்ணயர்ந்தால் ஏதோ ஒரு நீர்க்கரையில்தான் போய் நின்றாள். கரை தெரியும், படிகள் தெரியும், மறுகரை மட்டும் வெள்ளையாகப் புகைந்து கிடக்கும். மயில் அகவுகிற சத்தத்தில் விழிப்பு வரும்போது மூச்சு பாதிதான் உள்ளே போகும். மீதியை அந்தப் படியிலேயே வைத்துவிட்டு வந்தது போல இருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே கிடப்பாள். ஓட்டு இடுக்கு வழியாக இறங்கும் வெயில் சுவரில் மெல்ல ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆவூரில், மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் அவர்கள் வீடு. ஒரே மகள் இலக்கியா கோயம்புத்தூரில் நர்ஸ். சவரியப்பனுக்கு ஐம்பத்தேழு வயது. விராலிமலைக்குப் போகும் வழியில் இருக்கும் ஷீட் கம்பெனியில் இருபத்து நான்கு வருஷமாக வேலை. கூரைக்குப் போடுகிற, ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் சிமெண்ட் ஷீட் செய்யும் கம்பெனி அது. மூட்டையில் வரும் கல்நாரைப் பிரித்துக் கலவைத் தொட்டியில் கொட்டும் செக்‌ஷனில் பதினெட்டு வருஷம் இருந்தான். பிறகு ஷீட் அடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். பன்னிரண்டு வருஷமாக யூனியன் செகரட்டரி.

அவனுடைய பீரோவில் துணிமணியைவிட எக்ஸ்ரே படங்கள் அதிகம். கூட வேலை பார்த்தவர்களில் ஐந்து பேர் மூச்சுத் திணறியே செத்துப் போயிருந்தார்கள். கம்பெனி வருஷா வருஷம் நடத்தும் பரிசோதனையில் அத்தனை பேருக்கும் 'நார்மல்' என்றுதான் எழுதி வந்திருந்தது. சவரியப்பன் வெளியில் எக்ஸ்ரே எடுக்க வைத்தான். ஒவ்வொரு படத்தையும் திருச்சியில் டாக்டர் ஷர்லியிடம் கொண்டுபோய்க் காட்டினான். நுரையீரலில் வடு விழுந்திருக்கிறது என்று அவர் எழுதிக்கொடுத்தவர்கள் மட்டும் இதுவரை நாற்பத்து மூன்று பேர். வெளி டாக்டரை வைத்து எல்லாருக்கும் பரிசோதனை செய்ய வேண்டும், ரிட்டயர் ஆனவர்களுக்கும் செய்ய வேண்டும், தூசியை இழுக்கும் மின்விசிறிகள் ஓட வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸ், தொழிலாளர் ஆபீஸ், தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் மனு எழுதிக்கொண்டே இருந்தான்.

ஆகவே மனைவிக்கு நெஞ்சில் நீர் என்றதும் தெரிந்த டாக்டர் என்று ஷர்லியிடமே கூட்டிக்கொண்டு போனான்.

முதுகுப் பக்கம் ஊசியைச் செருகி நீரை எடுத்தார்கள். கஷாயம் போன்ற நிறத்தில் ஒன்றரை லிட்டர். எடுத்ததும் அன்புச்செல்விக்கு மூச்சு முழுசாகப் போய் வந்தது. இவ்வளவு காற்று உலகத்தில் இருந்ததா என்று ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஸ்கேன், சதை எடுத்துப் பரிசோதனை என்று மூன்று வாரம் போயிற்று. முடிவு வந்த அன்று டாக்டர் ஷர்லி இருவரையும் உட்கார வைத்தார். நாற்பது வயதிருக்கும் அவருக்கு. பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"அம்மா, நீங்க அந்தக் கம்பெனில எப்பவாவது வேலை பாத்திருக்கீங்களா?"

"இல்லங்க மேடம். நான் அந்த கேட்டுக்குள்ளகூடப் போனதில்ல."

"சவரியப்பன் யூனிபார்ம யாரு துவைப்பா?"

அன்புச்செல்விக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாக இருந்தது. "வேற யாரு? நான்தான்."

பக்கத்தில் சவரியப்பன் இரண்டு கைகளையும் முட்டியின் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். டாக்டர் சொல்லப் போகும் பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது. எத்தனையோ மனுக்களில் எழுத்துக் கூட்டி அதை எழுதியிருக்கிறான். மீசோதீலியோமா. நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் வரும் புற்று. கல்நார்த் தூசி உள்ளே போய் இருபது முப்பது வருஷம் கழித்துக்கூடத் தலை தூக்கும். வேலை பார்த்தவருக்குத்தான் வரவேண்டும் என்றில்லை, அந்தத் துணியை உதறித் துவைத்தவருக்கும் வரும் என்றார் டாக்டர். மருந்து கொஞ்ச நாளைத் தள்ளிப்போடும். முழுசாகப் போகாது.

"எவ்வளவு நாளுங்க?" என்று அன்புச்செல்விதான் கேட்டாள்.

"ஒரு வருஷம்னு வச்சுக்கங்க. கூடவும் இருக்கலாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. புளியமரங்களின் நிழலும் வெயிலும் மாறி மாறி அவள் மடியில் விழுந்தன. கண்ணை மூடினாள். பழைய வாசல் வந்தது. காலை வெயிலில் அவள் நின்று சட்டையை உதறுகிறாள். வெள்ளித் துகள் மாதிரி ஒன்று மேலே எழும்பி, விழ மனசில்லாமல் காற்றில் அப்படியே நிற்கிறது. நாலு வயது இலக்கியா கையை நீட்டி நீட்டி அதைப் பிடிக்கத் தாவுகிறாள். பிடித்ததாக நினைத்து உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறாள். கையில் ஒன்றும் இல்லை. மறுபடி தாவுகிறாள்.

கீரனூர் தாண்டும்போது அன்புச்செல்வி கண்ணைத் திறந்தாள்.

"இலக்கியாவ ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லணும்," என்றாள்.

சவரியப்பன் அதன் பிறகு யூனியன் ஆபீசுக்குப் போகவில்லை. வேலைக்குப் போனான், வந்தான். கம்பெனி வாசலிலேயே யூனிபார்மைக் கழற்றிப் பிளாஸ்டிக் கவரில் சுருட்டிக்கொண்டு வந்து, பின்பக்கம் அடிகுழாயில் தானே துவைக்க ஆரம்பித்தான். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அவன் துணியைத் தண்ணீரில் அமுக்குவதை அவள் கட்டிலில் படுத்தபடி பார்ப்பாள். அவளிடம் நேராகப் பார்த்துப் பேசுவதையும் அவன் விட்டிருந்தான். மருந்து கொடுப்பான், சோறு ஆக்குவான், கண்ணை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொள்வான்.

ஆனி மாதம் ஒரு கடிதம் வந்தது. இத்தனை வருஷ மனுக்களுக்குப் பதிலாக, தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் விராலிமலையில் விசாரணை நடத்துகிறார், தொழிலாளர்கள் நேரில் வந்து சொல்லலாம் என்று அதில் இருந்தது. அன்று சாயங்காலமே யூனியன் ஆட்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இணைச் செயலாளர் ராஜா முகமதுதான் பேசினான். சவரியப்பனைவிடப் பத்து வயது சின்னவன். அதே மூட்டை செக்‌ஷனில் இப்போதும் இருப்பவன்.

"அண்ணே, நாப்பத்து மூணு பேரு எக்ஸ்ரேயும் ஒங்ககிட்டதான் இருக்கு. நீங்க வந்து நிக்கலைன்னா ஒன்னும் நடக்காது."

சவரியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே கட்டிலில் இருந்து அன்புச்செல்வியின் குரல் வந்தது.

"நாப்பத்து நாலுன்னு போட்டுக்கங்க தம்பி."

ராஜா முகமது எழுந்து உள்வாசலுக்கு வந்து நின்றான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீக. வக்கீல்ட்ட கேட்டோம். நம்ம கேசு தொழிலாளிக கேசு. வேலை பாக்காத ஆளு பேரச் சேத்தா கம்பெனிக்காரன் அதையே புடிச்சுக்குவானாம். இவுக யாரு, எந்த ரிஜிஸ்டர்ல பேரு இருக்குன்னு கேட்டு மொத்தத்தையும் கலைச்சுப்புடுவானாம்."

"சரி தம்பி," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அவன்தான் அதற்குப் பிறகு டீயைக் குடிக்க முடியாமல் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை வாசலில் ஒரு டி.வி.எஸ். பிப்டி வந்து நின்றது. ராஜா முகமதுவின் மனைவி ரமீஜா. தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு வந்து சொன்னாரு. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல. நானும் பத்தொம்பது வருசமாத் துவைக்கிறேன்ல?"

அன்புச்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமே கொஞ்ச நேரம் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டில என்னைய உக்கார வச்சு ஓட்டுவியா?" என்று கேட்டாள் அன்புச்செல்வி.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரத்தில் மூன்று நாள், வெயில் ஏறுவதற்கு முன் இருவரும் கிளம்புவார்கள். ரமீஜா மெதுவாக ஓட்டுவாள். வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையால் அன்புச்செல்விக்கு எல்லாம் கொஞ்சம் தூரத்தில் நடப்பது போல இருக்கும். சாலை ஓரத்துக் கருவேலமரங்கள் தண்ணீருக்குள் நிற்பவை போல அசையும். ஆடுகள் சத்தமில்லாமல் குறுக்கே போகும். ரமீஜாவின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு, தான் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியாமல், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் போய் இறங்குவாள்.

கேட்பது மூன்றே கேள்வி. எத்தனை வருஷமாகத் துவைக்கிறீர்கள், எங்கே வைத்துத் துவைக்கிறீர்கள், மூச்சு எப்படி இருக்கிறது. ரமீஜா நோட்டில் எழுதிக்கொள்வாள். பெண்கள் முதலில் சிரிப்பார்கள். துணி துவைப்பதையெல்லாம் யார் வந்து கேட்பார்கள் என்பார்கள். பிறகு சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். ஊருணிப் படியில் வரிசையாக உட்கார்ந்து துவைத்ததைச் சொன்னார்கள். கல்நார் வந்த காலிச் சாக்கைக் கம்பெனியில் கொடுத்ததையும், அதை உதறி நெல் கட்டி வைத்ததையும், மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு அதையே விரித்துப் படுக்கப் போட்டதையும் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே வந்து திடீரென்று நிறுத்தி, தங்கள் பிள்ளைகள் இருக்கும் திசையைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனி முடிவதற்குள் நோட்டில் முப்பத்து எட்டுப் பெயர் இருந்தது.

கடைசியாகப் போனது செங்கமலம் வீட்டுக்கு. மூச்சு முட்டிச் செத்த ஐந்து பேரில் ஒருவனுடைய மனைவி. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை இருமினாள். அன்புச்செல்வி கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அவளே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன் ஆத்தா, கம்பெனில மாசம் ரெண்டு சோப்பு குடுத்தாகல்ல, துவைக்கிறதுக்குத்தான குடுத்தாக? அப்ப வீட்ல நாமதான் துவைக்கிறோம்னு அவுகளுக்குத் தெரியும்ல?"

ரமீஜா எழுதுவதை நிறுத்தினாள். அன்புச்செல்வி தலையசைத்தாள். அவளுக்கும் அந்த சோப்பு நினைவிருந்தது. நீலக் கட்டி, எலுமிச்சை வாசம் வரும். பத்து வருஷமாக மாதம் தவறாமல் வருகிறது. அது எப்படி வந்தது என்று அவள் கேட்டதேயில்லை.

அன்று சவரியப்பன் முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் கேட்டாள்.

"அந்த சோப்பு எப்படிங்க வந்துச்சு?"

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். பிறகு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். அவள் இதைக் கேட்டுவிடக் கூடாது என்று நாலு மாதமாகப் பயந்துகொண்டிருந்தவனைப் போலவும், கேட்டுவிட்டதில் ஒரு நிம்மதி வந்தவனைப் போலவும் இருந்தான்.

பத்து வருஷத்துக்கு முன் கம்பெனியோடு ஒப்பந்தப் பேச்சு நடந்தது. யூனியன் வைத்தது பதினான்கு கோரிக்கை. ஒன்பதாவது, கம்பெனிக்குள்ளேயே குளிக்கவும் துவைக்கவும் இடம் வேண்டும், வேலைத் துணி கேட்டைத் தாண்டக் கூடாது என்பது. மூன்று நாள் பேச்சு. மூன்றாம் நாள் கம்பெனித் தரப்பில், பதினோரு கான்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரம் ஆக்குகிறோம், ஒன்பதை விட்டுவிடுங்கள், வேண்டுமானால் துவைக்க சோப்பு தருகிறோம் என்றார்கள்.

"பதினோரு குடும்பம்னு நெனச்சேன் அன்பு. துணி தொவைக்கிறதுதானேன்னு நெனச்சேன். அது ஆபத்துன்னு எங்களுக்குத் தெரியும். படிச்சுத்தான் அந்தக் கோரிக்கையே வச்சோம். தெரிஞ்சும் நான்தான் விட்டுக் குடுத்தேன். என் கையெழுத்துத்தான் இருக்கு."

முதல் மாதம் அந்த இரண்டு கட்டியையும் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, 'யூனியன் வாங்கிக் குடுத்தது' என்று அவன் சிரித்துக்கொண்டே நீட்டியது அன்புச்செல்விக்கு ஞாபகம் வந்தது. தானும் சந்தோஷப்பட்டு வாங்கி மோந்து பார்த்தது ஞாபகம் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் அவளுக்குக் காலையும் மாலையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. விழித்தால் அவன் கஞ்சியோடு நிற்பான். தூங்கினால் அந்த நீர்க்கரை. படிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து துவைத்துக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் முகம் தெரியாது. நுரை தண்ணீரில் இறங்கி, வெள்ளையாகப் பரவி, மறுகரை வரை போகும். கோயில் மணி அடிக்கும். அவள் அந்தப் பெண்களிடம் ஏதோ சொல்ல வாயைத் திறப்பாள், மூச்சு வராது.

நாலாம் நாள் காலை அவளே எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஒப்பந்தக் காகிதம் இன்னமும் இருக்கா?"

"இருக்கு."

"அதை விசாரணைல குடுங்க."

"அன்பு, கம்பெனிக்காரன், யூனியனே ஒத்துக்கிட்டதுன்னு சொல்லுவான். நம்ம ஆளுக என்னைய..."

"தெரியும். ஆனா வீட்டுக்குத்தான் துணி போவுதுன்னு கம்பெனிக்குத் தெரியும்னு வேற எதுல இருக்கு? அது ஒன்னுலதான் இருக்கு."

அவன் அவள் காலருகே உட்கார்ந்தான். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னைய மன்னிச்சிரு அன்பு."

"அது இருக்கட்டும்," என்றாள் அவள். "மொதல்ல அதைக் குடுங்க. அதுக்கப்பறம் பாப்போம்."

ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விசாரணை நடந்தது. விராலிமலையில் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் கல்யாணத்துக்குக் கட்டிய கனகாம்பரச் சரம் மேடையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மேஜை போட்டு அதிகாரி புவனேஸ்வரி உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் கம்பெனி மேனேஜர் ரகுநாத்தும் கம்பெனி வக்கீலும். மறுபக்கம் தொழிலாளர்கள். பின்வரிசையில் முப்பத்து எட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ராஜா முகமது எழுந்தான். தன் நாற்காலியை அன்புச்செல்விக்குக் கொண்டுவந்து போட்டான்.

தொழிலாளர்கள் ஒவ்வொருவராகச் சொல்லி முடித்த பிறகு அன்புச்செல்வி கையைத் தூக்கினாள். கம்பெனி வக்கீல் எழுந்து, இவர் தொழிலாளி இல்லை என்றார். புவனேஸ்வரி அவரை உட்காரச் சொன்னார்.

"நீங்க சொல்லுங்கம்மா. என்ன சொல்லணும்?"

"துணி எப்படித் துவைச்சேன்னு சொல்லணுங்க."

மண்டபத்து மின்விசிறிகளின் நிழல் தரையில் வட்டம் வட்டமாகச் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு பேசினாள். மூச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"மொதல்ல உதறுவேங்க. வாசல்ல நின்னு உதறுவேன். பாக்கெட்ட வெளிய இழுத்துத் தட்டுவேன். மடிச்ச கைக்குள்ளதான் நெறைய இருக்கும். உதறுனா வெயில்ல மினுமினுன்னு பறக்கும். அழகா இருக்குங்க மேடம். எம் மக சின்னப் புள்ளைல அதைப் புடிக்கத் தாவும். நான் பாத்துக்கிட்டுத்தான் நிப்பேன். அப்பறம் ஊற வச்சு, கல்லுல அடிச்சு அலசுவேன். காஞ்சதும் மடிக்கிறப்ப மோந்து பாப்பேன், சோப்பு வாசம் இருக்கான்னு. இருபத்து நாலு வருசம். ஒரு நாள்கூட அது வெஷம்னு யாரும் எங்கிட்ட சொன்னதில்லங்க."

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மேனேஜர் ரகுநாத் எழுந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"இவங்க நிலைமைக்கு ரொம்ப வருத்தப்படுறோம் மேடம். ஆனா யூனிபார்ம வெளிய கொண்டுபோகக் கூடாதுங்கிறது விதி. கேட்லயே போர்டு வச்சிருக்கோம். அதை மீறி எடுத்துட்டுப் போனா கம்பெனி பொறுப்பாக முடியாது."

அப்போது சவரியப்பன் எழுந்து மேடைக்கு நடந்தான். அந்தக் காகிதத்தை அதிகாரியின் முன் வைத்துவிட்டுத் திரும்பி, கூட்டத்தைப் பார்த்து நின்றான்.

புவனேஸ்வரி சத்தமாகவே படித்தார். "கோரிக்கை ஒன்பது. தொழிற்சாலைக்குள் குளியலறை, துவைக்கும் இடம், உடை மாற்றும் அறை. முடிவு: கைவிடப்பட்டது. சீருடைகளை வீட்டில் துவைத்துக்கொள்வதற்காகத் தொழிலாளி ஒருவருக்கு மாதம் இரண்டு சலவை சோப்பு வழங்கப்படும்." தலையை நிமிர்த்தினார். "கம்பெனி சார்பா கையெழுத்து இருக்கு. யூனியன் சார்பா யாரு கையெழுத்து?"

"என்னோடதுங்க," என்றான் சவரியப்பன்.

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. "நீயாய்யா போட்ட?" என்று ஒரு குரல் கேட்டது. அவனோடு இருபது வருஷம் வேலை பார்த்தவனின் குரல். சவரியப்பன் அந்தப் பக்கம் பார்த்தே பேசினான்.

"நான்தான் போட்டேன். பதினோரு பேரு வேலைக்காக ஒம்பதாவத விட்டேன். விட்டது தப்பு. என் வீட்லயே அது வந்து உக்காந்துருச்சு. ஆனா வீட்லதான் துவைப்பாங்கன்னு கம்பெனிக்குத் தெரியாதுன்னு மட்டும் அவுக சொல்ல முடியாது. சோப்பு குடுத்துத்தான் அனுப்புனாக."

மேனேஜர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவர் வேலைக்கு வருவதற்கு முன் போட்ட ஒப்பந்தம் அது. படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வக்கீல் அவர் காதில் ஏதோ சொன்னார், அவர் தலையசைக்கவில்லை. புவனேஸ்வரி அன்று மத்தியானமே கம்பெனிக்குப் போனார். துவைக்க ஒதுக்கிய இடம் என்று காட்டப்பட்டதில் உடைந்த ஷீட்டுகள் தலைக்கு மேல் அடுக்கிக் கிடந்தன.

அடுத்த வாரமே சவரியப்பன் செகரட்டரி பதவியை விட்டுவிடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டான். ராஜா முகமது செகரட்டரி ஆனான். சிலர் சவரியப்பனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருவன் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து, வாசலில் நின்றபடியே கொஞ்சம் பப்பாளிப் பழம் கொடுத்துவிட்டுப் போனான்.

புரட்டாசியில் உத்தரவு வந்தது. வேலைத் துணி கேட்டைத் தாண்டக் கூடாது. மூன்று மாதத்துக்குள் உள்ளேயே குளிக்கவும் துவைக்கவும் இடம் வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கும் ரிட்டயர் ஆனவர்களுக்கும் வெளி டாக்டரின் பரிசோதனை. வீட்டில் துவைத்தவர்களுக்கும் அதே பரிசோதனை என்று ஒரு வரி தனியாக இருந்தது. அந்த ஒரு வரியை எதிர்த்துக் கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. அன்புச்செல்விக்கு நஷ்டஈடு கேட்டுப் போட்ட மனுவும் அங்கேயே நிற்கிறது. இவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று சட்டத்தில் இன்னும் இடம் இல்லை, அந்த இடத்தை உண்டாக்கச் சொல்லி மேலே எழுதியிருக்கிறேன் என்று புவனேஸ்வரி நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கோர்ட் முடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் ஷர்லி ஒரு எக்ஸ்ரே வண்டியோடு ஆவூருக்கு வந்தார். முப்பத்து எட்டுப் பேரும் கோயில் வளாகத்தில் வரிசையில் நின்றார்கள். செங்கமலத்துக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் வடு இருந்தது. ரமீஜாவுக்கு ஒன்றும் இல்லை. அதைக் கேட்டதும் அவள் வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்தாள்.

இலக்கியா கோயம்புத்தூரில் எடுத்த தன் எக்ஸ்ரேயைப் போனில் அனுப்பினாள். 'எல்லாம் கிளியரா இருக்கும்மா' என்று கீழே எழுதியிருந்தாள். அன்புச்செல்விக்கு எக்ஸ்ரே படிக்கத் தெரியாது. ஆனாலும் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு மத்தியானம் முழுக்க மகளின் நெஞ்சுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எலும்புகளுக்கு நடுவே கருப்பாக, ஆழமாக, காற்று நிறைந்து கிடந்தது. பார்த்தபடியே தூங்கிப் போனாள். அன்று கனவு எதுவும் வரவில்லை.

கார்த்திகை பிறந்து மழை விட்டிருந்த ஒரு நாள், கம்பெனியில் துவைக்கும் இடம் திறக்கிறார்கள் என்று ரமீஜா வந்து சொன்னாள். அன்புச்செல்விக்கு இரண்டு தடவை நீர் எடுத்து அப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். உடம்பு பாதியாகியிருந்தது.

"என்னையக் கூட்டிட்டுப் போ," என்றாள்.

டி.வி.எஸ்ஸில் உட்கார முடியாது. ரமீஜா ஒரு ஆட்டோ பிடித்தாள். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் தலையணை வைத்து அவளைச் சாய்த்து உட்கார வைத்தாள். இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் வானம் கிடந்தது. அதன் மேல் ஒரு லாரி போனது. வானம் உடைந்து மறுபடி சேர்ந்துகொண்டது.

கேட் திறந்தது. ஆட்கள் வெளியே வந்தார்கள். கட்டம் போட்ட சட்டை, பச்சை டீ ஷர்ட், வெள்ளை வேட்டி, மகன் போட்டுக் கழித்த ஜீன்ஸ். எல்லார் தலையும் ஈரமாக இருந்தது. சாம்பல் நீல யூனிபார்ம் ஒன்றுகூட இல்லை. ஏதோ கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருபவர்கள் போல வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள்.

அன்புச்செல்வி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இருபத்து நாலு வருஷமாக எவ்வளவு தூரத்தில் வந்தாலும் அந்தச் சாம்பல் நீலத்தை வைத்தே அவனைக் கண்டுகொண்டவள். இப்போது எத்தனை தேடியும் ஆள் அகப்படவில்லை.

"எங்கடி இவரக் காணோம்?" என்றாள்.

"அந்தா வாராருல்ல அக்கா. மஞ்சச் சட்டை."

அவன் அவளைப் பார்த்துவிட்டிருந்தான். சாலையின் அந்தப் பக்கமே நின்று, ஒரு பஸ் போகட்டும் என்று காத்திருந்தான். பிறகு தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி வந்து, அவள் எதிரில் நின்றான். ஈர முடியிலிருந்து சொட்டிய நீர் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"தலைய நல்லாத் துவட்டலையா?" என்றாள்.

"துண்டு எடுத்துட்டுப் போக மறந்துட்டேன்."

"இங்கிட்டு வாங்க."

அவன் குனிந்தான். அவள் தன் முந்தானையை எடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டே, நிறுத்தி நிறுத்தி அவன் தலையைத் துவட்டினாள். டீக்கடைக்காரர் மூன்று டீ போட்டார். சேலையில் ஒட்டிய ஈரத்தை அவள் உதறவில்லை. அப்படியே மடியில் போட்டுக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போவமா?" என்று கேட்டான் அவன்.

"கொஞ்சம் பொறுங்க. இன்னும் ஆளுக வந்துக்கிட்டே இருக்காக," என்றாள் அவள்.